இருபத்தெட்டு நாள்

தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இருபத்தெட்டு நாள் ஆகும். என் பார்லருக்கு வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்லிவிடுவேன். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடவே பிடிக்கும். அதனால் ஃபேஷியல் என்றால் நாலு வாரத்துக்கு ஒரு தடவை. அதற்கு முன்னால் வந்து நின்றால் திருப்பி அனுப்பிவிடுவேன். வாரா வாரம் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்ற துணிக்கடைக்காரம்மாவை வாசலோடு அனுப்பியவள் நான். அந்தம்மா இன்றுவரை என்னைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். போகட்டும், தோலாவது மிச்சம்.

அப்படிப்பட்ட நான்தான் பதினோரு வருடமாக என்னிடம் வருகிற கணக்கு டீச்சரின் வாடிக்கை அட்டையில், 'அடுத்த தேதி' என்ற கட்டத்தில், பத்தே நாள் தள்ளி ஒரு தேதியை எழுதினேன். எழுதும்போது கை தயங்கக்கூட இல்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை.

இந்த வம்பு தொடங்கியது என் தங்கையிடம். செருப்புக்கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது என் பார்லர். இரண்டு கட்டில், நடுவில் ஒரு திரை. ஒரு கட்டில் எனக்கு, இன்னொன்று அவளுக்கு என்று பதின்மூன்று வருடம் ஓடியது. அவள் இடக்கைக்காரி. வேலையில் எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம்: ஒரு முகத்தில் யார் கை வைத்தாளோ அவள்தான் அதை முடிக்க வேண்டும். பாதியில் இன்னொரு கை புகுந்தால், கண்ணை மூடிப் படுத்திருப்பவருக்கும் தெரிந்துவிடும். பாதியில் நிறுத்தப்பட்டவளுக்கோ அதைவிட அவமானம் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை அந்தச் சட்டத்தை நான் மீறினேன். கணக்கு டீச்சர் தங்கையின் கட்டிலில் படுத்திருந்தார். ஸ்டீமரை ரொம்ப நேரம் வைத்துவிட்டாள் என்று எனக்குப் பட்டது. திரையை விலக்கிக்கொண்டு போய், அவள் கையிலிருந்த பஞ்சைப் பிடுங்கி, "இப்படியா வேகவைப்பே, நகரு" என்று அவளைத் தள்ளிவிட்டு நானே முடித்தேன். டீச்சர் கண்ணைத் திறக்கவில்லை. தங்கை மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்தாள், புருவம் எடுக்கும் தன் நூல்கண்டை எடுத்துக்கொண்டாள், படியிறங்கினாள். மூன்று தெரு தள்ளி, பல் டாக்டர் கிளினிக்குக்குப் பின்னால் ஓர் அறை எடுத்து, அடுத்த மாதமே தனிக்கடை போட்டுவிட்டாள்.

எனக்குக் கோபம் ஏறத் தெரியும், இறங்கத் தெரியாது. அவளுக்கு வீம்பு. நானும் போகவில்லை, அவளும் வரவில்லை. இடையில் பேசிவிட எங்களுக்கு ஆளும் இல்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவள் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். என் வீட்டுக்காரரோ, "உங்க ரெண்டு பேர் சண்டையில தலையை விட்டா என் தலைதான் போகும்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

தங்கை கடை போட்டதற்கு அடுத்த மாதம் டீச்சர் தன் தேதிக்குச் சரியாக வந்தார். விளக்கைத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் புருவம் நான் எடுத்ததில்லை. தங்கை இடக்கையால் நூலை இழுப்பதால் அவள் எடுக்கும் புருவம் வெளிமுனையில் துளி மேலே ஏறி நிற்கும். ஆயிரம் புருவத்துக்கு நடுவே வைத்தாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன். டீச்சர் அவளிடமும் போகிறார்! ஒரு சண்டை தன் முகத்தின் மேல் நடந்துவிட்டது, இதில் யார் பக்கமும் சாயக்கூடாது என்று அவருக்கு. விடைத்தாள் திருத்துகிற மனசு. நான் சொன்ன நாலு வாரம் எனக்கு, அவள் சொன்ன நாலு வாரம் அவளுக்கு. ஆக, அந்த முகத்துக்கு மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒன்று.

நியாயமாக நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். "டீச்சர், ஒரு இடத்துக்குப் போங்க, இது தோலுக்கு ஆகாது" என்று. நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் அங்கே போவதை நிறுத்திவிடுவார் என்று பயம். அவர் முகம் ஒன்றுதான் என் தங்கையிடமிருந்து எனக்கு வந்துகொண்டிருந்த சேதி.

நீங்கள் சிரித்தாலும் சரி, நான் அதைக் கடிதம் மாதிரி படித்தேன். தாடைக்குக் கீழே வீக்கம் வடிந்திருந்தால், ஓ, புதிதாக ஒரு மசாஜ் கற்றிருக்கிறாள். மூக்கோரம் துடைத்துவைத்தாற்போல இருந்தால், கடை காலியாக இருக்கிறது, நிதானமாக வேலை பார்த்திருக்கிறாள். ஒரு முறை வேலை அத்தனை அழகாக இருந்தது. எனக்குப் பெருமையும் எரிச்சலும் சேர்ந்து வந்து, அவளைவிட நான் குறைச்சலா என்று டீச்சருக்கு வழக்கத்தைவிடக் கடுமையாகத் தோலை உரிக்கிற பீல் ஒன்றைப் போட்டு அனுப்பினேன். டீச்சர் ஒன்றும் கேட்கவில்லை. நாற்பத்தைந்து பிள்ளைகளை ஒரு பார்வையில் வாயடைக்க வைக்கிற மனுஷி, என் கட்டிலில் ஏறிப் படுத்தால் கேள்வியே கேட்கமாட்டார். "நீங்க சொன்னா சரிங்க" என்பார், அவ்வளவுதான்.

நாலு மாதத்துக்கு முன்னால் அந்தப் புருவம் கோணிக்கொண்டு வந்தது.

இடது புருவத்தின் முனை அறுந்த மாதிரி நின்றது. கண்ணிமை மேல் நூல் கிழித்த கோடு, காய்ந்து பழுப்பாக. என் தங்கை நூல் பிடிக்கத் தொடங்கி இத்தனை வருடத்தில் ஒருத்தர் இமையையும் கிழித்தவள் இல்லை. அடுத்த முறை இன்னும் மோசம். கரும்புள்ளி எடுக்க மூக்கில் அழுத்திய தடங்களெல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. வலது கையால் வேலை பார்த்திருக்கிறாள். ஏன் வலது கை? இடது கைக்கு என்ன?

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தேன். டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினேன், பிறகு கலைத்து நிறவாரியாக அடுக்கினேன். போனை எடுத்து அவள் நம்பர் வரைக்கும் போவேன், வைத்துவிடுவேன். எடுத்தவுடன் "என்ன வேணும்?" என்று கேட்பாளே, அதற்கு நான் என்ன சொல்வேன்? காய் வாங்கப் போகிறவள் மாதிரி பையை மாட்டிக்கொண்டு அவள் தெரு வழியாக மூன்று தடவை போனேன். உள்ளே விளக்கு எரிந்தது, திரை மூடியிருந்தது. பல் டாக்டரின் வாட்ச்மேன், "பல் வலியாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம்தான் அந்த வேலையைச் செய்தேன். "தோல் கொஞ்சம் டல்லா இருக்கு டீச்சர், அடுத்த தடவை மூணு வாரத்துல வாங்க." பச்சைப் பொய். அதற்கடுத்த முறை இரண்டு வாரம். அதற்கடுத்துப் பத்து நாள், அப்புறம் எப்போதுமே பத்து நாள்தான். டீச்சர் ஒவ்வொரு முறையும் தன் டைரியை எடுத்துக் குறித்துக்கொண்டார். சீக்கிரம் வந்தால் சீக்கிரம் பார்க்கலாம், அவள் கை தேறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். வேறு எதுவும் என் புத்தியில் ஏறவில்லை.

போன வியாழக்கிழமை டீச்சர் மாஸ்க் போட்டுக்கொண்டு படியேறி வந்தார். கழற்றச் சொன்னேன். கழற்றினார்.

இரண்டு கன்னமும் நெருப்புச் சிவப்பு. வாயோரத்தில் தோல் பிய்ந்து உரிந்திருந்தது. நெற்றி மினுங்கியது, ஆரோக்கியமான மினுக்கு இல்லை, மேல்தோல் தேய்ந்துபோனால் வருமே, அது.

"எப்பயிருந்து டீச்சர்?"

"மூணு நாளா இருக்குங்க. தண்ணி பட்டாலே எரியுது. போர்டைப் பாத்துக்கிட்டே பாடம் நடத்திட்டிருக்கேன். திரும்பினா பசங்க முகத்தையே பாக்குதுங்க."

"இப்படி இருக்கும்போது எதுக்கு வந்தீங்க?"

"இன்னிக்குத்தானே தேதி போட்டிருந்தீங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன், உடனே எழுந்தேன். இரண்டு வருடமாக நாங்கள் இருவரும் வாயில் எடுக்காத பேச்சை அப்போதுதான் எடுத்தேன்.

"அங்க கடைசியா எப்ப போனீங்க?"

டீச்சர் திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி விழித்தார். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். எப்ப?"

"போன சனிக்கிழமை. அவங்களும் இப்பல்லாம் பத்து நாளைக்கு ஒரு தடவை வரச் சொல்றாங்க. தோல் டல்லா இருக்காம்."

பத்து நாளைக்கு ஒன்று இங்கே, பத்து நாளைக்கு ஒன்று அங்கே. ஐந்து நாளைக்கு ஒரு தடவை அந்த முகத்தைச் சுரண்டியிருக்கிறோம். கடையைப் பூட்டிவிட்டு அவரைத் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "அஞ்சு நாளைக்கு ஒரு தடவையா? யாரும்மா அந்த அறிவாளி?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். அவர் அப்புறம் என்னைப் பார்க்கவேயில்லை, டீச்சரிடம் மட்டும் பேசினார். தோல் தேறிவிடுமாம், நாளாகுமாம். ஒரு களிம்பு. அது தவிர ஒருத்தரும் முகத்தைத் தொடக்கூடாது.

மத்தியான வகுப்பு இருக்கிறது என்ற டீச்சரைப் பள்ளிக்கூடத்துக்கு டாக்ஸியில் ஏற்றிவிட்டேன். கால் தானாகப் பல் டாக்டர் கிளினிக் பக்கம் போனது. வாட்ச்மேன், "இன்னும் சரியாகலையா?" என்றார். நான் நிற்கவில்லை.

பின்பக்கக் கதவைத் தள்ளினேன். தங்கை ஸ்டூலில் உட்கார்ந்து, பாவாடையை முழங்கால் வரை ஏற்றி, தன் முழங்கால்சில்லுக்குக் கீழே நூல் வைத்து முடி எடுத்துக்கொண்டிருந்தாள். முதன்முதலில் நூல் பிடிக்கப் பழகுகிறவர்கள் இப்படித்தான் தங்கள் காலிலேயே பழகுவார்கள். நூலின் ஒரு முனை பல்லில். இன்னொன்று வலது கையில். இடது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தது.

மனசு என்னவோ 'ஐயோ' என்றுதான் சொன்னது. வாய் வேறு சொன்னது.

"படிச்சவதானே நீ? பத்து நாளைக்கு ஒரு தடவை ஒருத்தரை வரச் சொல்லுவியா? அந்தம்மா முகம் வெந்து போய்க் கிடக்கு!"

அவள் பல்லிலிருந்து நூலை எடுத்தாள். "நீ மட்டும் என்ன சொன்னே? எனக்குத் தெரியாதா? டீச்சர் இங்க வந்து படுக்கும்போது முகம் நேத்துதான் பீல் போட்ட மாதிரி இருக்கும். உன் கடையில நாலு வாரம்னு எழுதி வேற ஒட்டியிருக்கே!"

"தெரிஞ்சும் எதுக்குடி நீயும் தேய்ச்சே?"

"நீயும் தெரிஞ்சுதானே தேய்ச்சே?"

பக்கத்தில் பல் டாக்டரின் எந்திரம் கீச்சென்று ஓடி நின்றது. சுவருக்கு அந்தப்பக்கம் வாயைத் திறந்து உட்கார்ந்திருந்த மனுஷன் எங்கள் குடும்பக் கதையை முழுசாகக் கேட்டிருப்பான். நாங்கள் இரண்டு பேரும் குரலைத் தணித்தோம்.

"நீ எதுக்கு சீக்கிரம் வரச் சொன்னே? அதைச் சொல்லு" என்றேன்.

அவள் பாவாடையை இறக்கிவிட்டுக்கொண்டாள். முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு பேசினாள்.

"நாலு மாசமா உன் வேலை சரியில்ல. மேலுதட்டுல ஒரு பக்கம் முடி எடுத்திருப்பே, மறுபக்கம் அப்படியே நிக்கும். மூக்குல ஒரு ஓரம் தொட்டிருக்கவே மாட்டே. நீ அப்படி விடுற ஆளா? உனக்குக் கண்ணுல ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன். அம்மாவுக்கு வந்த மாதிரி. கேக்கவும் முடியல. அடுத்த தடவையாவது ஒழுங்கா எடுத்திருக்கியான்னு பாக்கத்தான் அவங்களைக் கூப்பிட்டேன்."

"என் கண்ணுக்கு ஒண்ணும் இல்லடி."

"அப்புறம் ஏன் விட்டே?"

"உன் புருவத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். கோணலா இருந்துச்சு. இமையில கிழிச்சிருந்தே. வலது கையில பண்ணியிருந்தே. அதையே பாத்துக்கிட்டு உதட்டை மறந்துட்டேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு வருடத்துக்கு அப்புறம் அவள் முகத்தை நேராகப் பார்க்கிறேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"கண்ணுல ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

"சத்தியமா?"

"இல்லன்னு சொல்றேன்ல?"

"நாலு மாசமா நான் தூங்கல, தெரியுமா?" என்று சொல்லி, பட்டை கட்டிய கையாலேயே என் தோளில் ஓங்கி அடித்தாள். அடித்த வேகத்தில் அவளுக்கே வலித்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் இழுக்கவில்லை.

"என்ன இது?"

"நரம்பு அமுங்கியிருக்காம். மூணு விரல் மரத்துப்போச்சு. நூல் இருக்கா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது. அறுத்துத்தான் சரிபண்ணணுமாம். வர்ற வெள்ளிக்கிழமை."

"கூட யாரு?"

அவள் பட்டையின் முனையை நெருடினாள். கூட யாரும் இல்லை என்று புரிந்துகொண்டேன். அன்றைக்குத் திரையை விலக்கிக்கொண்டு வந்து அவள் கையிலிருந்ததைப் பிடுங்கியது தப்பு என்று சொன்னேன். பெரிதாக ஒன்றும் சொல்ல வரவில்லை, அந்த அளவுக்குத்தான் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆவி கொஞ்சம் கூடத்தான் வெச்சுட்டேன்" என்றாள்.

ஆனால் டீச்சரின் முகம் இருந்ததே! அதை நினைத்ததும் எனக்கு மறுபடி உட்கார முடியவில்லை. அவள் தன் அட்டைக்கட்டிலிருந்து டீச்சரின் அட்டையை எடுத்தாள். என் பையில் என் அட்டை இருந்தது. இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். தேதிகள் மேலிருந்து கீழே வரவர நெருங்கிக்கொண்டே வந்தன. இரண்டு பேர் கையெழுத்திலும் ஒரே பொய், தோல் டல்.

"ஆறு மாசம் யாரும் தொடக்கூடாது" என்றாள் தங்கை. "அப்புறம் ஆறு வாரத்துக்கு ஒண்ணு. உன்கிட்ட மட்டும் வரட்டும்."

"உன்கிட்ட வரட்டும். அப்புறம் எட்டு வாரத்துக்கு ஒண்ணு போதும்."

"எட்டு ரொம்ப தள்ளி."

"அந்தத் தோலுக்கு எட்டுகூட கம்மி."

பழையபடி ஆரம்பித்துவிட்டோம். கடைசியில் போனைப் போட்டு, சத்தம் வெளியே கேட்கும்படி மேஜையில் வைத்தேன். டீச்சர் எடுத்தார். தங்கையும் பக்கத்தில் இருக்கிறாள் என்று சொன்னேன்.

"ரெண்டு பேரும் ஒண்ணாவா இருக்கீங்க?"

"ஆமாம் டீச்சர். தப்பு எங்க ரெண்டு பேர் மேலதான். உங்க தோல் மேல எந்தத் தப்பும் இல்ல, நாங்கதான் தேவையில்லாம வரவழைச்சோம். மன்னிச்சுக்கோங்க. இப்ப ஆறுமாசத்துக்கு ஒண்ணும் வேண்டாம். அதுக்கப்புறம் ஆறு வாரமா எட்டு வாரமான்னுதான் எங்களுக்குள்ள..."

"ஏங்க" என்றார் டீச்சர்.

"சொல்லுங்க."

பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற சத்தம் கேட்டது. அது நிற்கிற வரைக்கும் அவர் காத்திருந்தார். பிறகு, இதுவரை நான் அவரிடம் கேட்காத குரலில், வகுப்பில் கை தூக்குகிற பிள்ளை மாதிரி, கேட்டார்.

"வேண்டாம்னு சொல்லலாமா?"

நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

"எனக்கு இதெல்லாம் ஆரம்பத்துலயிருந்தே வேண்டாங்க" என்றார். "முதல் நாள் நான் புருவம் எடுக்க மட்டுந்தான் வந்தேன். நீங்கதான் படுக்க வெச்சீங்க. அடுத்த தேதியும் போட்டுட்டீங்க. சொல்லலாம் சொல்லலாம்னு நினைச்சேன், நீங்க ஆசையா பண்ணும்போது எப்படிச் சொல்றது? அப்புறம் உங்களுக்குள்ள சண்டை வந்துடுச்சு. அப்ப நின்னா ரெண்டு பேருல யாராவது மனசு கஷ்டப்படுவீங்களேன்னு..."

பதினோரு வருடம். நூறு தடவைக்கு மேல் அந்த முகத்தில் கை வைத்திருக்கிறேன். அதன் ஒவ்வொரு துளையும் எனக்குத் தெரியும் என்று பெருமை பேசியிருக்கிறேன். எத்தனை நாளைக்கு ஒரு தடவை வர வேண்டும் என்று நானே சொன்னேன், நானே எழுதினேன், நானே குறைத்தேன். உங்களுக்கு எப்போது வர வேண்டும் என்று தோன்றுகிறது என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் அவரிடம் கேட்டதில்லை.

"சொல்லலாம் டீச்சர்" என்றாள் தங்கை.

"அப்ப வேண்டாங்க" என்றார் டீச்சர். சொல்லிவிட்டு அவர் விட்ட பெருமூச்சு மேஜை வரைக்கும் கேட்டது. "புருவத்துக்கு மட்டும் எப்பவாவது வர்றேன். யார் கை சும்மா இருக்கோ அவங்ககிட்ட."

போனை வைத்த பிறகு தங்கை இரண்டு அட்டையையும் வலது கையால் எடுத்து, சேர்த்துக் கிழிக்கப் பார்த்தாள். தடித்த அட்டை, ஒரு கையால் முடியவில்லை. நான் வாங்கிக் கிழித்தேன். அப்புறம் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும், காலையில் சாப்பிடலாமா கூடாதா என்று அவளிடம் கேட்டேன்.